அஃறிணையாக்கப்பட்டவர்கள்: ஏர்வாடியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தது. உள்ளே நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். சங்கிலி கொஞ்சம் தளர்வாக இருந்த சிலர் தப்பித்தார்கள். அன்று செத்தவர்கள் 25 பேர். பிறகு மூவர். மொத்தம் 28.

பத்திரிகைச் செய்தியை வைத்து உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. 2001ஆம் ஆண்டின் 334ஆம் எண் ரிட் மனு. வழக்கின் பெயரைத் தமிழில் சொன்னால் 'தமிழ்நாட்டில் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம் குறித்து' என்று வரும். சாவு 28 ஆனபிறகும் பெயர் 25இலேயே நின்றுவிட்டது. சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வழக்குக்கு ஒருமுறை பெயர் வைத்தால் மாற்றுவதில்லை, அது நடைமுறை என்பார்கள். சரி, நடைமுறையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயருக்குள் இருப்பதென்ன? ஓர் எண், ஒரு சங்கிலி, ஒரு தீ, ஒரு மாநிலம். ஆள் யாரும் இல்லை. பின்னால் செத்த மூன்று பேர் அந்த எண்ணுக்குள்ளும் இல்லை.

தீ எப்படிப் பிடித்தது என்பது போலீஸ் விசாரிக்க வேண்டிய கேள்வி. அதற்கு முந்தைய நாளைப் பற்றியது நம்முடைய கேள்வி. ஆகஸ்ட் 5 அன்றும் அதே ஆட்கள், அதே கொட்டகை, அதே சங்கிலி. அன்றைக்கு அதன் பெயர் சிகிச்சை, பாதுகாப்பு, வேண்டுதல். ஒரே இரவில் அது எப்படி வன்முறை ஆயிற்று? தீப்பிடித்ததால்தானே? எரியாமல் இருந்திருந்தால் அவர்கள் அத்தனை பேரும் இன்னும் பல வருஷம் கட்டிக் கிடந்திருப்பார்கள். அதை யாரும் கொடுமை என்று எண்ணிக்கையில் சேர்த்திருக்க மாட்டார்கள். கடும் மனநோயோடு வாழ்கிறவர்கள் மீது நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி இப்படி வன்முறையாகக் கணக்கில் வராதது. கணக்கில் வராமல் போவதற்கு மொழி எப்படி ஒத்தாசை செய்கிறது என்பதைப் பற்றியே இந்தக் குறிப்புகள்.

2

ஆளைத் திணை மாற்ற இலக்கணத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் 18 சொற்களைப் பட்டியல் போட்டு, இவை உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணைபோல முடியும் என்கிறது. அடிமை, குழவி, உறுப்பின் கிளவி, செறற்சொல் எல்லாம் அதில் வருகின்றன. உறுப்பின் கிளவிக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள் குருடு, முடம் போன்றவை. குருடு வந்தது, முடம் போயிற்று.

அதே பட்டியலில் அரசும் இருக்கிறது. ஆகவே அஃறிணை முடிபு என்றாலே இழிவு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. 'அரசு வந்தது' என்று சொல்லும்போது அதிகாரம் ஓர் ஆளைவிடப் பெரிதாகிப்போனது தெரிகிறது. 'அடிமை வந்தது', 'குருடு வந்தது' என்னும்போது ஆள் தன் நிலைமைக்குள்ளேயே அடங்கிப்போகிறான். திணை ஒன்றுதான், போகிற திசை வேறு. மேலே போனதை யாரும் கட்டிப்போட மாட்டார்கள்.

பைத்தியம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. தெருவில் நாம் அதைச் சேர்த்துக்கொண்டோம். 'பைத்தியம் வருது, தள்ளி வா.' 'லூசு ஒண்ணு பஸ் ஸ்டாண்டுல நிக்குது.' 'அதை முதல்ல கட்டிப் போடுங்கப்பா.' நோயின் பெயரும் ஆளின் பெயரும் ஒன்றாகிவிட்ட பிறகு ஆள் 'அது' ஆகிவிடுகிறார். காய்ச்சல் வந்தவரைப் பார்த்துக் 'காய்ச்சல் போகுது பார்' என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

இந்தத் திணைமாற்றத்தோடு வினைச்சொற்களும் இடம் மாறுகின்றன. கவனித்துக் கேட்டால் தெரியும். 'பைத்தியம் அடிச்சிரும்', 'கடிச்சிரும்', 'கல்லைத் தூக்கிப் போட்டுரும்.' இவற்றில் எழுவாய் தெளிவாக இருக்கிறது. நடக்காத காரியத்துக்குக்கூட எழுவாய் இருக்கிறது. அந்த ஆளுக்கு நாம் செய்வதைச் சொல்லும்போதோ எழுவாய் காணாமல் போய்விடுகிறது. 'கட்டி வச்சிருக்கு.' 'ரெண்டு போட்டாத்தான் அடங்கும்.' யார் கட்டியது? யார் போட்டது? இதன் உச்சம் எல்லா ஊரிலும் கேட்கிற அந்த ஒரு வரி: 'பாவம், பைத்தியக்காரிக்கு வயித்துல புள்ள.' பாலியல் வன்முறை நடந்திருக்கிறது. ஒருவனோ பலரோ செய்திருக்கிறார்கள். ஆனால் வாக்கியத்தில் அவன் இல்லை. மழை பெய்த மாதிரி, ஏதோ அவளுடைய உடம்பில் தானாக நேர்ந்துவிட்ட மாதிரி வாக்கியம் முடிந்துவிடுகிறது. 'பாவம்' என்ற இரக்கமும் சேர்ந்துகொள்கிறது. நம்முடைய இரக்கமே குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது.

ஊர்ப்பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. சென்னையில் வெள்ளைக்காரன் 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. அந்த ஊரின் பெயரே வசவாகிவிட்டது. ஏர்வாடியும் குணசீலமும் அப்படியே. 'உன்னை ஏர்வாடியிலதான் கொண்டுபோய்க் கட்டணும்' என்று வகுப்பில் வாத்தியார் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 28 பேர் செத்தபிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

3

இந்த இலக்கணத்தைத் தமிழ் சினிமா அப்படியே படமாக எடுத்திருக்கிறது. ஏர்வாடித் தீக்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1999 டிசம்பரில் 'சேது' வந்தது. தலையில் அடிபட்டு மனம் பிறழ்ந்த கதாநாயகனை ஒரு மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மொட்டைத் தலையும் சங்கிலியுமாக அவன் கிடப்பதைப் பார்த்து ஜனங்கள் அழுதார்கள். அந்த அழுகை காதலனுக்கானது. அவனைச் சுற்றிக் கட்டிக் கிடந்த மற்றவர்கள் அவனுடைய சோகத்துக்குப் பின்னணி. அவனுக்குத் தெளிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்ததும், இவனைப் போய் இங்கே வைத்திருக்கிறார்களே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்படியானால் தெளியாதவர்கள் அங்கே கிடக்கலாமா என்ற கேள்வியைப் படமும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. படத்தின் கடைசியில் அவன் தானே மடத்துக்குத் திரும்பிப் போகிறான். சங்கிலி துயரத்தின் சின்னமாகப் புனிதமடைந்துவிடுகிறது. இருபது மாதம் கழித்து ஏர்வாடி எரிந்தது.

தீ நடந்து மூன்று மாதத்தில், 2001 நவம்பரில், 'ஆளவந்தான்' வந்தது. மனச்சிதைவு நோயாளியான அண்ணன் காப்பகத்திலிருந்து தப்பி வருகிறான். தம்பியின் மனைவியைக் கொல்லத் துரத்துகிறான். நியாயமாகச் சொன்னால், சிறுவயதில் சிற்றன்னை செய்த கொடுமைதான் அவனை இப்படி ஆக்கியது என்று படம் விரிவாகவே காட்டுகிறது. வன்முறைக்கு முதலில் ஆளானவன் அவனே என்ற ஓர்மை அதில் இருக்கிறது. ஆனால் கொட்டகையில் கட்டிவிட்டதால் ஓட முடியாமல் ஜனங்கள் எரிந்துபோன அதே வருஷத்தில், பெரிய செலவில், பெரிய திரையில் நமக்குக் காட்டப்பட்ட பயம் எது? கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது. படம் முன்பே திட்டமிட்டு எடுத்ததுதான். யாரும் ஏர்வாடியை நினைத்து அதைச் செய்யவில்லை. நினைக்காமலேயே இப்படி வந்து விழுகிறதென்றால் அந்தக் கதையாடல் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) காலத்திலிருந்தே மனம் பிறழ்ந்தவனென்றால் கையில் ஆயுதத்தோடுதான் வருகிறான்.

ஆய்வுகள் சொல்வது தலைகீழாக இருக்கிறது. சிகாகோவில் கடும் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 936 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. கடந்த ஓராண்டில் அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வன்குற்றத்துக்கு ஆளாகியிருந்தார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் 11 மடங்குக்கும் அதிகம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஓராண்டுக்குள் வன்முறையைச் சந்தித்ததாகவே சொல்கிறது. மனநோயாளி யாரும் யாரையும் அடிப்பதில்லை என்பது இதன் அர்த்தமல்ல. அப்படிச் சொன்னால் வீட்டில் அடிவாங்கிய தாய்மார்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடிவாங்குகிறவர்களாகவே அவர்கள் மிகப் பெரும்பாலும் இருக்கிறார்கள் என்பதே விஷயம். நம் கதைகளில் இந்த விகிதம் தலைகீழாகக் கிடக்கிறது.

4

இலக்கியம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இரண்டு விதிவிலக்குகளைச் சொல்லிவிட்டுப் பிறகு நம் பக்கம் வருகிறேன்.

எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்' 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. காதில் ஓயாமல் குரல்கள் கேட்கிற ஒரு மனிதனின் கதை. தம் சொந்த அனுபவத்தைக் கொண்டே ஆசிரியர் எழுதினார். இதைப் பற்றிய பேச்செல்லாம் ஆன்மிகம், அமானுஷ்யம், எதார்த்தவாதத்தை மீறிய எழுத்து என்றே போயிற்று. மற்றொன்றைப் பேசாமல் விட்டோம். குரல் கேட்கிறவன் இந்த நாவலில் யாரையும் தாக்க வரவில்லை. அவன் முற்றுகையிடப்பட்டவன். வசவும் ஆபாசமும் மிரட்டலும் அவன் மீதே விழுகின்றன. அத்தனைக்கும் நடுவில் குடும்பத்தையும் வறுமையையும் சுமந்துகொண்டிருக்கிறான். 'அது' என்று சுட்டப்படும் இடத்திலிருந்து 'நான்' என்று ஒருவன் பேச முடியும் என்பதற்குத் தமிழில் இது பெரிய சாட்சி.

இன்னொருவர் கோபிகிருஷ்ணன். உளவியல் படித்து, மனநலத் துறையில் வேலை பார்த்து, தாமும் மனநோயின் அவதியை அறிந்தவர். 2003இல் மறைந்தார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற அவருடைய நூலின் தலைப்பே போதும். உள்ளே இருப்பவர்களுக்குக் குரல் உண்டு என்று 1980களிலேயே சொன்னார். அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் வாசித்தார்கள், எத்தனை இயக்கக்காரர்கள் கையில் அது போய்ச் சேர்ந்தது என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

இனி நம் பக்கம். சிறுபத்திரிகைச் சூழலில் பைத்தியத்துக்கு நல்ல மரியாதை உண்டு. சிவனையே பித்தன் என்று பாடிய மரபு நம்முடையது. அதன்மேல் ஃபூக்கோ வந்து சேர்ந்தார், ஆர்த்தோ வந்து சேர்ந்தார். பகுத்தறிவின் மற்றமை, மொழியின் விளிம்பு, கலகம் என்றெல்லாம் எழுதித் தள்ளினோம். கவிதையில் பித்து நிலை, கதையில் பிறழ்வு மொழி. இதில் எத்தனை பக்கம் சங்கிலியைப் பற்றியது? பித்து உயர்திணை, பைத்தியம் அஃறிணை என்று நமக்குள்ளும் ஒரு ஜாதிப் பிரிவினை ஓடுகிறது. எழுதத் தெரிந்த, மேடையில் கலாட்டா செய்யத் தெரிந்த பித்தனுக்குச் சிறப்பிதழ். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கு 'தள்ளி வா'. நோய் ஒருவரை எவ்வளவு வதைக்கிறது என்பதைக் கலகம் என்ற சொல் மூடி மறைத்துவிடுகிறது. அதுவும் ஆளை அழிக்கிற காரியம்தான், கொஞ்சம் நாசூக்காக.

ஃபூக்கோவையே எடுத்துக்கொள்வோம். பினேல் பைத்தியங்களின் சங்கிலியைக் கழற்றினார் என்பது மருத்துவ வரலாற்றின் பிரசித்தமான காட்சி. ரொபேர் ஃப்ளூரி 1876இல் அதை ஓவியமாகவே தீட்டினார். 1961இல் வெளியான தமது நூலில் ஃபூக்கோ இந்தக் காட்சியைக் கட்டுடைத்து, இரும்புச் சங்கிலி போய் அந்த இடத்தில் ஒழுக்கக் கண்காணிப்பு என்ற உள்சங்கிலி வந்தது என்றார். நாம் அதை மனப்பாடம் செய்துகொண்டோம். ஆனால் பாரிசின் பிசேத்ர் காப்பகத்தில் 1797இல் சங்கிலியை முதலில் அகற்றியது பினேல் அல்ல, பூசேன் என்ற கண்காணிப்பாளர். டாக்டர் பட்டம் ஏதும் இல்லாதவர், தோல் பதனிடும் தொழிலாளி, அங்கேயே நோயாளியாக இருந்து பின் வேலைக்குச் சேர்ந்தவர். ஓவியத்தில் டாக்டர் நடுநாயகமாக நிற்கிறார். தொழிலாளி வரலாற்றின் அடிக்குறிப்பில் கிடக்கிறார். இது ஒன்று. மற்றது, இங்கே இரும்பே இன்னும் கழலவில்லை ஐயா. உள்சங்கிலி பற்றிப் பேச ஒரு காலம் வரட்டும். வெளிச்சங்கிலியின் பூட்டைத் திறக்காமல் அந்த வாதத்தை இறக்குமதி செய்தால், அது கட்டிப்போட்டவனுக்கே சாதகமாகப் போய்விடும்.

5

ஏர்வாடிக்குப் பிறகு பரவலாக ஒலித்த சொல் மூடநம்பிக்கை. நமக்கு ரொம்ப வசதியான சொல். தர்காவில் தங்கி, விளக்கெண்ணெய் பூசி, கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பது அங்குள்ள வழக்கம். குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள். இவற்றை விமர்சிக்கலாம், விமர்சிக்க வேண்டும். ஆனால் எரிந்துபோன காப்பகம் காசு வாங்கிக்கொண்டு நடந்த தொழில். பக்தர் நம்பிக்கையைச் சுற்றி முளைத்த வியாபாரம். நம்பிக்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் இரண்டு பேர் தப்பித்துவிடுகிறார்கள்: வியாபாரி ஒருவர், அரசு இன்னொருவர். 2002 பிப்ரவரி உத்தரவில் உச்சநீதிமன்றமும், சங்கிலியிடுவது சட்டவிரோதம், நோயாளிகளைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்புங்கள் என்று ஜனங்களிடம் பிரச்சாரம் செய்யச் சொன்னது. டாக்டர் எங்கே இருக்கிறார்?

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட அளவிலான திட்டம் 1996இல். கடலோர ராமநாதபுரத்திலிருந்து கீழ்ப்பாக்கம் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேருக்கு உரிய சிகிச்சை போய்ச் சேரவில்லை. கூலிக்குப் போகிற ஒரு தகப்பன் மகனைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டுப் போகிறான். கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சங்கிலி எதன் இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதம் தவறாமல் கிடைக்க வேண்டிய மாத்திரையின் இடத்தில், பகலில் கூட இருக்க வேண்டிய ஓர் ஆளின் இடத்தில், முற்றிய நேரத்தில் வர வேண்டிய வண்டியின் இடத்தில் அது இருக்கிறது. காசிருக்கிற வீட்டில் இதே காரியத்தை நர்சிங் ஹோம் கதவும் ஊசியும் செய்கின்றன. அங்கே இரும்புச் சத்தம் கேட்பதில்லை.

நம்பிக்கையும் மருந்தும் ஜென்ம விரோதிகள் என்று நினைக்கவும் தேவையில்லை. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில், துவா ஓதுகிறவர்களும் டாக்டர்களும் சேர்ந்து 'தவா-துவா' என்றொரு முறையைத் தொடங்கினார்கள். மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில். பிறகு ஏர்வாடிக்கும் அது வந்தது. அவமானப்படுத்தி விரட்டாமல் ஜனங்கள் போகிற இடத்துக்கு மருந்து போயிற்று. பகுத்தறிவுப் பிரசங்கம் செய்ததைவிட இது அதிகம் செய்திருக்கும்.

சட்டத்தின் கதை வேறு. 1912ஆம் வருஷத்துப் பைத்தியக்காரர் சட்டத்துக்குப் பதிலாக 1987இல் மனநலச் சட்டம் வந்தது. அமலுக்கு வர 1993 ஆயிற்று. சிகிச்சையின்போது இழிவோ கொடுமையோ கூடாது என்று அதன் 81ஆம் பிரிவு சொன்னது. ஆனால் சங்கிலி என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. கட்டியவர்கள் அதைக் கொடுமை என்று நினைக்கவே இல்லையே, பிறகு பிரிவு எப்படிக் கடிக்கும்? தீ நடந்ததும் அரசு காப்பகங்களை மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 'எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுதல்' தடை என்று சட்டம் வெளிப்படையாகச் சொன்னது 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவில்தான். செத்தவர்களின் சங்கிலி சட்டத்துக்குள் ஒரு சொல்லாக நுழையப் பதினாறு வருஷம் ஆயிற்று. அந்தச் சொல் வந்த பிறகும் உத்தரப்பிரதேசம் படாயுனில் ஒரு வழிபாட்டுத் தலக் காப்பகத்தில் ஜனங்கள் கட்டிக் கிடந்தார்கள். 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும் அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

காப்பகத்தை மூடுவது முடிவல்ல, தொடக்கம் என்பதற்கு இத்தாலி ஓர் உதாரணம். பசாலியாவின் இயக்கத்தால் 1978 மே மாதம் 180ஆம் எண் சட்டம் வந்தது. புதிய நோயாளிகளைப் பழைய காப்பகங்களுக்கு அனுப்புவது நின்றது. திரியெஸ்தே நகரில் அதற்கு முன்பும் பின்பும் ஊருக்குள் மையங்கள், வேலைக் கூட்டுறவுகள், வீடுகள் என்று கட்டினார்கள். கட்டாத இடங்களில் குடும்பங்கள் திண்டாடின. இங்கே மூடினோம். கட்டியது போதவில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமமில்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடி, சங்கிலி, பாலியல் வன்முறை என்று புகார்கள். ஏர்வாடிக்கு அப்போது வயது இருபத்தொன்று.

6

காப்பகத்துக்கு வெளியே தெரு இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், மனநலம் குன்றிக் காட்டில் தனியே திரிந்த ஓர் ஆதிவாசி இளைஞரை, அரிசி திருடினார் என்று கட்டி அடித்துக் கொன்றார்கள். கட்டியபடியே செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். 2023இல் நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதே 2018 மே மாதம், வாட்ஸப் வதந்திகள் பரவிய நாட்களில், நம்முடைய பழவேற்காட்டில் மனநலம் பாதித்தவராகத் தெரிந்த ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததே குற்றமாயிற்று. இந்த இடத்தில் சாதியும் வறுமையும் நோயோடு சேர்ந்துகொள்கின்றன. ஆதிவாசி, அந்நியன், மொழி தெரியாதவன், அழுக்குத் துணி: ஒவ்வொன்றும் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக அஃறிணைப் பக்கம் தள்ளுகிறது. கடைசித் தள்ளலை நோய் செய்கிறது. பிறகு கூட்டம் கை வைக்கும்போது தான் ஒரு மனிதனை அடிக்கிறோம் என்ற நினைப்பு அதற்கு இருப்பதில்லை.

எழுதுகிறவர்களிடம் கேட்க ஒரு காரியம் இருக்கிறது. மனநோயாளியைப் பாத்திரமாக வைத்தால் அவருக்கு ஒரு பெயரும் உயர்திணை வினைமுற்றும் கொடுங்கள். அவருக்கு யாராவது எதையாவது செய்தால் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் வையுங்கள். 'அவளைக் கெடுத்தான்' என்று எழுதினால் 'யார்?' என்று அடுத்த வரி கேட்டே தீரும். அந்தக் கேள்வியிலிருந்து கதை நழுவ முடியாது.

களத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2017ஆம் வருஷத்துச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தண்டனையாகக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்று சொல்லியும் கூடாது. ஒவ்வொரு முறையும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாதாமாதம் மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அரசு நடத்துவதோ தனியார் நடத்துவதோ, மனநல நிறுவனம் எத்தனை, உரிமம் எத்தனைக்கு, அந்த மாத அறிக்கைகள் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். பதில் வந்தால் அதில் எண்கள் இருக்கும். எத்தனை பேரை, எத்தனை மணி நேரம், யார் உத்தரவில் என்று இருக்கும். வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 5 வரை அப்படி ஒரு கணக்கை யாரும் கேட்டிருந்தால், அந்த 25 பேரும் ஒரு வழக்கின் தலைப்பில் வெறும் எண்ணாக வந்து நின்றிருக்க மாட்டார்கள்.